வடிநீர் எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

மண்ணில்லாமல் பயிர் விளையுமா என்று கேட்டால் நம்மில் பலர் நகைப்பர். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையினர் பேணிவரும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சென்று வந்தவர்கள் அறிவர்; அங்குள்ள ஆர்க்கிட் செடிகளுள் பல, மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மண்ணைத் தொடாமலே வாழ்பவை. அவற்றின் வேரைப் பஞ்சு போன்றதோர் உறை போர்த்தியிருக்கிறது. மழைநீரும் மூடுபனியும் அதில் ஊறுகின்றன. மரப்பட்டையைக் கழுவி வரும் நீரில் கரைந்துள்ள சொற்ப உப்புகளே அவற்றின் உணவு. செடிக்கு வேண்டியது மண்ணன்று. நீரும், காற்றும், பதினான்கு வகைத் தாது ஊட்டங்களும், நிற்பதற்கு ஒரு பிடிமானமுமே என்பதைச் சேர்வராயன் மலையின் மரங்கள் நமக்கு என்றோ கற்பித்துவிட்டன.

நம் செயல்முறை வகுப்பில் நாப் கரைசல் என்று ஒன்றைச் செய்கிறோம். நாப், சாக்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1860களில் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிய முறை அது. சோதனைக் குடுவையில் இருந்த அதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் கெரிக்கே. 1929ஆம் ஆண்டு தொடங்கிய அவரது முயற்சியில் தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் வளர்ந்தன; உலகம் வியந்தது. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயரை அவர் 1937இல் வழங்கினார். அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னனும், நல்ல மண்ணில் நன்றாகப் பேணிய பயிரைவிட இது பெரிதாக ஒன்றும் விளைத்துவிடாது என்று எழுதி ஆரவாரத்தை அடக்கினர். கெரிக்கேயின் 25 அடிக் கொடியை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஹோக்லண்டின் நிதானத்தைச் சொல்பவர் குறைவு. நம் நாட்டில், கலிம்போங் மலையில் 1946இல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சரளைக்கல்லும் மணலும் கொண்டு, ஏழையும் கையாளக்கூடிய 'வங்க முறை' ஒன்றை வகுத்தார். மலையூர் ஒன்றில், மலிவான பொருள்களைக் கொண்டு செய்த முயற்சி என்பதால் அது நமக்கு நெருக்கமானது.

இன்று பசுமைக்குடிலில் மண்ணில்லாத் தக்காளி என்பது பேச்சாகவும் வாணிபமாகவும் நம் பக்கத்து மாவட்டங்கள் வரை வந்துவிட்டது. இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த மகத்துவ மையங்கள் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் மலருக்கும் உள்ளன. ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. குளிர்ந்த மலை, கோடையிலும் தாங்கக்கூடிய வெப்பம், வாடல் நோய்க் கிருமி படிந்த மண்ணை விட்டு விலகவும் வழி. ஆகவே இம்முறை நம் மலைக்கும் ஏறி வரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பி ஏறி வந்த மலைதானே இது!

வரட்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையை எனக்கு எடுத்துக் கொடுத்தது பாடநூலன்று, என் தந்தை. மலைத்தோட்டம் ஒன்றில் காப்பிச் செடிக்கு எரு வைத்தும் மிளகுக்கொடி கட்டியும் என்னைக் கல்லூரி வரை அனுப்பியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், விடுமுறைக்குச் சென்றால் படித்ததையெல்லாம் அவரிடம் சொல்லியாக வேண்டும். மண்ணில்லாத் தக்காளியைப் பற்றிச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, மண்ணே இல்லாம செடி எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"பையில தேங்கா நார்த்தூளு போட்டுருப்பாங்கப்பா. உப்பு கரைச்ச தண்ணி சொட்டு சொட்டா வரும்."

"செரி. வடியற தண்ணி எங்க போவும்? கீழ நம்ம ஊத்துக்குத்தான?"

எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் நூலகத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வடிநீர் ஏன் உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். தக்காளிச் செடி ஒன்றின் பங்குக்குப் பையில் இருப்பது சில லிட்டர் நார்த்தூள் மட்டுமே. வயல் மண்ணைப் போல் அது நீரையும் உப்பையும் நாள்கணக்கில் சேமித்து வைக்காது. ஆதலால் ஒரு நாளில் பலமுறை சிறிது சிறிதாகக் கரைசலைச் செலுத்துகிறார்கள். கரைசலின் செறிவை மின்கடத்துதிறன் கொண்டு அளப்பர். இளஞ்செடிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 டெசிசீமன்ஸ், காய்க்கும் செடிக்கு 2.5 முதல் 3.5 வரை என்பது பொதுவான வழக்கம்; அமிலநிலை 5.5 முதல் 6.5க்குள் இருத்தல் வேண்டும். செடியோ நீரையும் உப்பையும் ஒரே விகிதத்தில் குடிப்பதில்லை. வெயில் நாளில் நீரை மிகுதியாகக் குடித்து உப்பைப் பையில் விட்டுவிடும். விட்ட உப்பு சேர்ந்துகொண்டே போனால் வேர் கருகும். அதைக் கழுவி வெளியேற்றவே, தேவைக்கு மேல் 20 முதல் 30 விழுக்காடு கரைசலைக் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். அந்தக் கூடுதல்தான் வடிநீர். சோற்றுக் கஞ்சியை வடிப்பது போல அது தற்செயலான கழிவன்று. முறையின் உள்ளேயே வைத்துக் கட்டியது.

மலைநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏற்காட்டில் காலையில் வெயில் காயும். பதினோரு மணிக்கு மூடுபனி இறங்கும். மதியம் மீண்டும் வெளுக்கும். மணிப்பொறி வைத்து நீர் விடும் தோட்டத்தில், பனி மூடிய நாளன்று செடி குடிப்பது பாதியாகக் குறைந்தாலும் குழாய் விடுவது குறையாது. அன்று விட்டதில் பாதி வடிந்து போகும். மறுநாள் வெயில் கடுமையாக அடித்தால் அதே அளவு போதாது. தக்காளிக் காயின் நுனி கறுத்து அழுகுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் காயின் நுனிக்குப் போய்ச் சேராததால் வருவது அது. உடனே தோட்டக்காரர் கரைசலில் கால்சியத்தைக் கூட்டுவார். கரைசலில் அது போதிய அளவு இருந்தும் நோய் வரலாம் என்பதே உண்மை. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே செடிக்குள் மேலேறும். கரைசல் அளவு மீறிச் செறிந்தாலும், வேர் ஒருநாள் வறண்டாலும், ஈரக்காற்றில் நீரோட்டம் தளர்ந்தாலும், அது காயை எட்டாது. உப்பைக் கூட்டிச் செறிவை ஏற்றுவது நோயை வளர்க்கும் வேலை.

இதற்கு மருந்து விலை உயர்ந்த கருவியன்று. ஒரு சொட்டுவானின் கீழே ஒரு குடம்; ஒரு வரிசைப் பைகளின் கீழே ஒரு தட்டு; கையடக்க மின்கடத்துமானி ஒன்று; ஒரு நோட்டுப் புத்தகம். விட்டது எவ்வளவு, வடிந்தது எவ்வளவு, வடிந்ததன் செறிவு என்ன என்று அன்றாடம் எழுத வேண்டும். வடிநீரின் செறிவு விட்டதைவிட மிக ஏறினால் உப்பு தேங்குகிறது, நீர் போதவில்லை. விட்டதைவிட இறங்கினால் செடிக்குப் பசி. எட்டாம் வகுப்புப் படித்த எவரும் இதைச் செய்யலாம். நம் மலைக்கிராமப் பெண்கள் காப்பிக் கொட்டையின் ஈரத்தைக் கையால் தடவியே சொல்பவர்கள். அவர்களுக்கு இது கடினமா?

உரக்கரைசலையும் ஒரு மந்திரம் போல ஆக்கிவிட்டார்கள். 'ஏ' டின், 'பி' டின் என்று இரண்டாக விற்கிறார்கள். இரண்டையும் செறிவாகக் கலக்காதே என்று எச்சரிக்கிறார்கள். காரணம் கேட்டால் சொல்வாரில்லை. நமக்கோ தெரியும். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட்டோடு செறிவாகக் கலந்தால் ஜிப்சம் படியும், பாஸ்பேட்டோடு கலந்தால் கால்சியம் பாஸ்பேட் படியும், சொட்டுவான் அடைபடும். ஆதலால் கால்சியம் ஒரு தொட்டியில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொன்றில். இவ்வளவுதான் இரகசியம்! ஹோக்லண்ட் கரைசலில் ஒரு லிட்டருக்கு நைட்ரஜன் 210 மில்லிகிராம், பாஸ்பரஸ் 31, பொட்டாசியம் 235, கால்சியம் 200, மக்னீசியம் 48 என்பது உலகறிந்த கணக்கு. எந்த நிறுவனத்தின் தனிச்சொத்தும் அன்று.

இனி நார்த்தூள். இதில் நாம் பெருமைப்படவும் வெட்கப்படவும் ஒருசேர இடமுண்டு. மேலைநாட்டுக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளரும் பைகளுள் பலவற்றில் இருப்பது தென்னிந்தியாவும் இலங்கையும் அனுப்பிய தேங்காய் நார்த்தூளே. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து அது கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது. ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்த கழிவு, இன்று செல்வம். ஆனால் நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் மிகுதி. அதை நல்ல நீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துச் சோடியத்தை வெளியேற்றிய பின்னரே தக்காளிக்கு ஆகும். அலசிய பழுப்பு நீர் எங்கே போகிறது? அது தங்கள் கிணற்றைக் கெடுப்பதாகப் பொள்ளாச்சிப் பக்கத்து உழவர்கள் முறையிட்டதுண்டு. தூள் கடல் கடந்து போகிறது. கழுவிய உப்பு நம்மோடு தங்கிவிடுகிறது. என் தந்தை கேட்ட அதே கேள்விதான், வேறு ஊரில்.

இப்போது கணக்குக்கு வருவோம். கால் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் குடில் என்று கொள்வோம், 2,500 செடிகள். வெயிலும் பனியும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்கு 4,000 லிட்டர் கரைசல் என்றால் செடிக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு, 1,000 லிட்டர், வடிகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் நைட்ரஜன் என்றால் நாளொன்றுக்கு 200 கிராம் நைட்ரஜன் சரிவில் இறங்குகிறது. 200 நாள் பயிருக்கு 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் ஏறத்தாழ 20.7 கிலோ; ஆக, கால் ஏக்கர் குடில் ஒரு பருவத்தில் இரண்டு மூட்டை யூரியாவை ஓடையில் கொட்டுவதற்குச் சமம். காசு கொடுத்து வாங்கிய உரம்!

உரம் போனால் போகட்டும் என்பார்க்கு மற்றொரு கணக்கு. அந்த 200 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக இருந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 885 மில்லிகிராம் நைட்ரேட். குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வடிநீர் இருபது மடங்கு! கைக்குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாயும் என்று மருத்துவம் கூறுகிறது. சமவெளியில் என்றால் ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கும். மலையில் அப்படியன்று. நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை எனப் பரவிக் கிடக்கும் மலைக்கிராமங்களில் ஊற்றும் ஓடையும் சரிவின் கீழேயே இருக்கின்றன. மேலே ஊற்றியது வடிகட்டப்படுமுன் கீழே வந்துவிடும். குடில் கட்டுபவர் மேட்டில் இருப்பார். ஊற்று நீரை மொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள் பள்ளத்தில் இருப்பார்கள். அந்த மக்களுக்கும் கீழே சேலம் இருக்கிறது. இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாற்றுக்கு நகரத்தில் நாம் செய்தது போதாதா?

ஆகவே என் நிபந்தனை இது: வடிநீரைத் திரும்பப் பிடிக்காத பசுமைக்குடிலுக்குச் சேர்வராயன் மலையில் அரசு மானியம் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

இது முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்பார்கள். முட்டுக்கட்டையன்று, இம்மலையில் இத்தொழில் நிலைப்பதற்கே இதுதான் வழி. எப்படியெனில், ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர மீட்டர்க் கூரையில் விழுவது 15 லட்சம் லிட்டர். ஒழுகியதும் தெறித்ததும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 12 லட்சம். நாளுக்கு 4,000 லிட்டர் வீதம் ஆண்டுத் தேவை 14.6 லட்சம் லிட்டர். கூரை மழை போதாது, ஊற்றில் கை வைக்க வேண்டும். வடியும் 1,000 லிட்டரைத் திரும்பப் பிடித்தால் தேவை ஏறத்தாழ 11 லட்சமாகக் குறைகிறது. கூரை மழையே போதும்! ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட நான்கு மாதத்துக்குச் சேமிக்க வேண்டியது 3.6 லட்சம் லிட்டர். 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஒன்றில் பாலித்தீன் விரித்தால் முடிந்தது. ஏப்ரலில் ஏற்காட்டுக்குத் தண்ணீர் லாரி ஏறுவதைக் காணும் நமக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

மழைநீருக்கு இன்னொரு சிறப்பு. அதில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். சேலத்துக் கிணற்று நீரை வைத்துக்கொண்டு வடிநீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், செடி விரும்பாத சோடியம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும். சில வாரங்களில் எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும். கூரை மழையில் அந்தத் தொல்லை மெதுவாகவே வரும். ஆக, மழை பிடிப்பதும் வடிநீர் மீட்பதும் ஒன்றையொன்று தாங்கும் இரண்டு கால்கள்.

நோய் பரவுமே என்று தோட்டக்கலை அறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு செடியின் வேரழுகல் சுழலும் நீரில் எல்லாச் செடிக்கும் போகும். ஆனால் மணல் வடிகட்டி என்று ஒன்று இருக்கிறது. நீர் மெல்ல இறங்கும் மணல்தொட்டியில் படியும் நுண்ணுயிர்ப் படலம் பித்தியம் போன்ற பூசணங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒரு சதுர மீட்டர் தொட்டியில் மணிக்கு 100 லிட்டர் இறங்கினாலே ஒரு நாளில் 2,400 லிட்டர். நமக்கு வேண்டியதோ 1,000. நச்சுயிரிகளை அது முழுதும் தடுக்குமென்று உறுதி கூற இயலாது. அதற்கு நல்ல விதையும் கத்தியின் தூய்மையுமே காப்பு. மின்சாரம் நின்றால் பயிர் சாகுமே என்றார் இன்னொருவர். சமவெளியில் சாகும். மலையில் 10 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் சொட்டுவானுக்கு வேண்டிய அழுத்தம் தானே வருகிறது. சரிவு நமக்குச் சாபமும் வரமும்.

நெதர்லாந்து நாட்டில், 2027க்குள் கண்ணாடிக் குடில்களிலிருந்து நைட்ரஜன் ஏறக்குறைய ஒரு துளியும் வெளியேறலாகாது என்று விதித்திருக்கிறார்கள். திறந்த வயலில் சொட்டுநீரில் ஒரு கிலோ தக்காளிக்கு 60 லிட்டர் நீர் ஆகுமிடத்தில், வடிநீரைச் சுழற்றும் குடிலில் ஏறத்தாழ 15 லிட்டரே ஆகிறதென்பர். நாம் அவர்களுடைய குடிலையும் விதையையும் கருவியையும் வாங்குகிறோம். அந்தச் சட்டத்தை மட்டும் வாங்குவதில்லை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வேறு சில மாதங்களில் பாலக்கோடு பக்கத்தில் பறிகூலிக்குக் கட்டாமல் சாலையில் கொட்டுகிறார்கள். குடில் தக்காளி இந்த ஊஞ்சலில் ஆடினால் பிழைக்காது. மழைக்காலத்துக்கும் பெருநகரச் சந்தைக்கும் குறிவைத்தால் ஒருவேளை பிழைக்கலாம். பாதி மானியம் வந்தாலும் மறுபாதி போடுவதற்குப் பணமும், காட்டுவதற்குப் பட்டாவும் உள்ளவர் யார் என்பதும் எண்ணத் தக்கது. என் தந்தை அல்லர். ஆகவேதான் குடில் தருவோர்க்கும் பெறுவோர்க்கும் அப்பால், ஊற்று நீர் குடிப்போர் சார்பில் ஒருவர் பேச வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரி இதில் செய்யக் கூடியது ஒன்றுண்டு. மேலே குடில்கள் பெருகுவதற்கு முன்பே ஊற்றுகளின் இன்றைய நிலையைப் பதிவு செய்தாக வேண்டும்; பின்னாளில் கெட்டது என்று சொல்வதற்கு முன்னாளில் எப்படி இருந்தது என்ற எண் வேண்டுமன்றோ? வேதியியல் துறையில் நிறமானி இருக்கிறது. ஃபீனால் டைசல்ஃபானிக் அமில முறையில் நைட்ரேட்டை மஞ்சள் நிறமாக்கி அளக்கலாம். தாவரவியல் மாணவர் நீர் எடுத்து வரட்டும். வேதியியல் மாணவர் அளக்கட்டும். புவியியல் மாணவர் வரைபடத்தில் குறிக்கட்டும். பத்து ஊற்றுகள் போதும். மழை ஓய்ந்த டிசம்பரில் ஒருமுறை, வறண்ட ஏப்ரலில் ஒருமுறை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எப்படியும் ஏதேனும் ஒரு கிராமத்தில் நடக்கப்போகிறது. இவ்வாண்டு முகாமை மலைமேல் வைக்குமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். புட்டிகளைக் கழுவி எடுத்துவரும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.